ஓடும் கால்களுக்கு வீட்டிலேயே உரம்: 22 குறிப்புகள்

விடியற்காலை ஐந்து மணிக்கு நாமக்கல் பக்கம் எந்த பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் நின்றாலும் ஓடுகிற பிள்ளைகளைப் பார்க்கலாம். பாதிப் பேர் போலீஸ் செலக்‌ஷனுக்கு, மீதிப் பேர் மிலிட்டரிக்கு, நடுவே சர்க்கரையைக் குறைக்க ஓடும் நாற்பது வயதுக்காரர் ஒருவர். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. அறிவிப்பு வந்த வாரத்தில் கூட்டம் இரட்டிப்பாகும். மூன்றாவது வாரத்தில் பாதிப் பேரைக் காணோம். விசாரித்தால், "கால் புடிச்சுக்கிச்சுங்க" என்று பதில் வரும்.

காரணம் எளிது. மூச்சு சில வாரங்களில் ஓட்டத்துக்குப் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு தாங்குகிறதே என்று தூரத்தை ஏற்றினால் கால் தாங்காது. முந்திக்கொண்ட மூச்சைக் கால் எட்டிப் பிடிக்கத்தான் பலப் பயிற்சி. அதற்கு ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. வாசல்படி, தண்ணீர் கேன், பழைய டியூப் மூன்றும் போதும்.

சாமான் சேர்க்க

1. டியூப் வளையம்: லாரிக்குப் பேர் போன ஊரில் டியூப்புக்கா பஞ்சம்? பஞ்சர் கடை மூலையில், இனி ஒட்டுப் போட இடமில்லை என்று ஒதுக்கிய டியூப் கிடக்கும். கேட்டு வாங்கி, குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டுங்கள். நறுக்கிய வெண்டைக்காய் மாதிரி வளையம் வளையமாக வரும். கடையில் ரெசிஸ்டன்ஸ் பேண்ட் என்று விற்பதற்கு இதுவே மாற்று. உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைப் பவுடரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும். லாரி டியூப் முரடாக இருந்தால் பைக் டியூப்பில் மவுத் இருக்கும் இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, நீள வாராக வைத்துக்கொள்ளுங்கள். கீறல் விட்டதைப் பயன்படுத்த வேண்டாம். அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

2. எடை: 5 லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பினால் 5 கிலோ. அதே கேனில் காய்ந்த மணல் நிரப்பினால் 7 கிலோவுக்கு மேல் வரும். அரைக் கேன் தண்ணீர் தளும்பி ஆளைத் தள்ளாட வைக்கும், கழுத்துவரை நிரப்புங்கள். அடுத்த கட்டத்துக்கு, பழைய ஸ்கூல் பையில் 10 கிலோ அரிசியைப் போட்டு நெஞ்சோடு கட்டிக்கொள்ளலாம். 25 கிலோ சிப்பம் மூன்று மாதம் கழித்துத்தான்.

3. கிழமை: வாரத்தில் இரண்டு நாள், அரைமணி நேரம். செவ்வாயும் சனியும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. வேகமாக ஓடும் நாளுக்கு முந்தைய நாள் வேண்டாம். வேக ஓட்டமும் பலப் பயிற்சியும் ஒரே நாளில் அமைந்தால் காலையில் ஓட்டம், சாயங்காலம் பயிற்சி. மறுநாள் காலுக்கு லேசான வேலை மட்டும்.

4. நம்பிக்கை வராதவர்களுக்கு: டென்மார்க் ஆய்வாளர்கள் 2014-ல், பல விளையாட்டுகளில் 26,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பலப் பயிற்சி செய்தவர்களுக்கு வந்த காயம், செய்யாதவர்களுக்கு வந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. தசையை நீட்டும் ஸ்ட்ரெட்சிங்கால் மட்டும் காயம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஓடும் முன் பத்து நிமிடம் காலை மடக்கி நீட்டுவதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் கவனிக்க.

பலம் சேர்க்க

5. வாசல்படியில் குதிகால் ஏற்றம்: ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஓடும்போது கெண்டைக்காலின் உள்தசை ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல ஆறு முதல் எட்டு மடங்கு சுமையைத் தாங்குகிறது. படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நில்லுங்கள். சுவரில் விரல் நுனி பட்டால் போதும், சாய வேண்டாம். மூன்று எண்ணி ஏறுங்கள், மூன்று எண்ணி இறங்குங்கள். குதிகால் படி மட்டத்துக்குக் கீழே இறங்க வேண்டும். முதலில் இரண்டு கால், பிறகு ஒற்றைக் கால். ஒற்றைக் காலில் நிறுத்தாமல் 20 வந்தால் கேனைக் கையில் எடுக்கலாம். பாதி எண்ணிக்கையை முட்டியைச் சற்று மடக்கியபடி செய்யுங்கள். உள்தசைக்கு அப்போதுதான் முழு வேலை.

6. குதிகாலுக்கு மேலே பின்பக்கம் வலித்தால்: குதிகால் நரம்பு என்று நாம் சொல்வது நரம்பல்ல, தசைநாண். ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹாகன் ஆல்ஃபிரெட்சன் 1998-ல் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார்: இரண்டு காலால் ஏறி, வலிக்கும் ஒற்றைக் காலால் மெதுவாக இறங்குவது. முட்டியை நீட்டி 15 வீதம் மூன்று முறை, மடக்கி 15 வீதம் மூன்று முறை. காலை, மாலை இரண்டு வேளை, 12 வாரம். உள்நாட்டு மருந்து, வெளிநாட்டு மருந்து எல்லாம் பார்த்து அலுத்தவர்களுக்கு இன்றும் பிசியோதெரபிஸ்டுகள் இதையோ இதன் மாற்று வடிவத்தையோதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

7. குதிகால் வாதத்துக்குத் துண்டு: காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குத்துகிறதா? சூடான செங்கல்லில் எருக்கிலை வைத்து ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். இதமாக இருக்கும், பலம் கொடுக்காது. சர்க்கரை இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் அந்தச் சூட்டுப் பக்கமே போகக் கூடாது. இதைச் செய்து பாருங்கள்: ஒரு துண்டைச் சுருட்டிப் படியில் வைத்து, கால்விரல்களை அதன்மேல் ஏற்றி நின்று குதிகாலை உயர்த்துங்கள். மூன்று எண்ணி ஏற்றம், இரண்டு எண்ணி நிறுத்தம், மூன்று எண்ணி இறக்கம். ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும்.

8. முன்னெலும்புப் பக்கம்: சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களை ஒரு அடி முன்னால் வைத்து நில்லுங்கள். குதிகால் தரையிலேயே இருக்க, முன்பாதத்தை மட்டும் தூக்கித் தூக்கி இறக்குங்கள். பதினைந்தைத் தாண்டுவதற்குள் முன்பக்கத் தசை எரியும். டிவி விளம்பர இடைவேளையில் முடிந்துவிடும் வேலை.

9. பஸ்கி: நம் தாத்தாக்கள் போட்ட அதே பஸ்கிதான். பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, புட்டம் அதைத் தொட்டதும் எழுங்கள். கேனை நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள். வேகமாக நூறு போடுவதைவிட எடையோடு மெதுவாகப் பத்துப் போடுவது ஓடுகிறவனுக்கு அதிகம் உதவும். ஓட்டத்திலேயே ஆயிரக்கணக்கான அடி வைத்தாகிவிட்டது. எண்ணிக்கைக்குக் குறைவில்லை, பலத்துக்குத்தான் குறை.

10. ஒற்றைக் கால் இறக்கம்: ஓட்டம் என்பது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குத் தாவிக்கொண்டே போவது. இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையில் இருப்பதே இல்லை. எனவே ஒற்றைக் காலுக்குத் தனியாகப் பயிற்சி தேவை. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பஸ் ஏறி ஒரு கால் முட்டிக்குக் கீழே நசுங்கியது. 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். ஒரு நல்ல காலைச் சரியாக வளர்த்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். செய்முறை: படிமேல் ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலின் குதியைத் தரை தொடும்வரை மெதுவாக இறக்கி மீண்டும் எழுங்கள். எதிரே நிலைக்கண்ணாடி இருக்கட்டும். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் இடுப்புத் தசைக்குப் பலம் போதவில்லை. படி உயரத்தைக் குறைத்துத் திரும்பத் தொடங்குங்கள்.

11. நண்டு நடையும் இடுப்புத் தூக்கலும்: டியூப் வளையத்தை முட்டிக்குச் சற்று மேலே மாட்டி, அரைப் பஸ்கி நிலையில் பக்கவாட்டில் பத்தடி போய்த் திரும்புங்கள். பிறகு மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பைத் தூக்கி இரண்டு எண்ணி இறக்குங்கள். புட்டத் தசை எரிய வேண்டும். நடுமுதுகு வலித்தால் அளவுக்கு மேல் தூக்குகிறீர்கள்.

12. வயிறு: தண்டால் நிலையில் முழங்கைகளை ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி நிறுத்தி 30 விநாடி. பக்கத்துக்கு ஒருமுறை ஒருக்களித்தும் அப்படியே. ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் இடுப்பு தொய்யாமல் காப்பது இதுதான்.

13. எவ்வளவு செய்வது: எண்ணிக்கையோ நேரமோ தனியாகச் சொல்லாதவை ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு முறை சிரமப்பட்டு வர வேண்டும், கோணிக்கொண்டு வரக் கூடாது. பன்னிரண்டு சுலபமாகிவிட்டால் எடையைக் கூட்டுங்கள். முதல் வாரம் இரண்டு நாள் தசை வலி இருக்கும். படியில் இறங்கும்போது முனகுவீர்கள். இரண்டாம் வாரம் அது பாதியாகும். பயந்து நிறுத்த வேண்டாம்.

ஓடும்போது

14. தினமும் பரீட்சை எழுதாதீர்கள்: 7 நிமிடத்தில் 1,500 மீட்டர் என்றால் 400 மீட்டர் சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. இதை அளந்து பார்க்க மூன்று வாரத்துக்கு ஒரு நாள் போதும். பிள்ளைகள் தினமும் கைக்கடிகாரத்தை அழுத்திக்கொண்டு முழு வேகத்தில் ஓடுகிறார்கள். தினமும் பரீட்சை எழுதினால் படிப்பது எப்போது? வாரத்தில் இரண்டு நாள் வேகம் போதும். மற்ற நாட்களில் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டு ஓடும் வேகம்தான் சரி.

15. தூரம் கூட்டும் கணக்கு: கடந்த ஒரு மாதத்தில் ஒரே ஓட்டமாக அதிகபட்சம் 5 கிலோமீட்டர் ஓடியிருந்தால், அடுத்த நீள ஓட்டம் ஐந்தரையைத் தாண்ட வேண்டாம். நண்பன் கூப்பிட்டான் என்று ஞாயிற்றுக்கிழமை பத்து ஓடிவிட்டுத் திங்கட்கிழமை நொண்டுவதுதான் பெரும்பாலான கதை. மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறையுங்கள்.

16. ரோட்டின் சரிவு: மழைநீர் வழிய வேண்டுமென்று தார் ரோட்டை ஓரத்தில் சாய்வாகப் போடுகிறார்கள். தினமும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில்தான் இறங்கும். மட்டமான மைதானம், ஏரிக்கரை, வண்டிப்பாதை என்று மாற்றி மாற்றி ஓடுங்கள். ரோட்டில் ஓடியே ஆக வேண்டுமென்றால் சர்வீஸ் ரோடு, வண்டி எதிரே வரும் பக்கம், வெளிர்நிறச் சட்டை. 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையின் மெயின் ரோட்டில் இருட்டில் ஓடுவது பயிற்சியே அல்ல. காதில் ஹெட்போன் வேண்டவே வேண்டாம்.

17. மலை ஏறுங்கள், இறங்குவதில் கணக்காக இருங்கள்: திருச்செங்கோடு மலைக்குச் சுமார் 1,200 படி. இந்த வட்டாரத்துக்கு இயற்கை கொடுத்த ஜிம் அது. ஏறும்போது மூச்சுக்கும் புட்டத் தசைக்கும் வேலை. முட்டிக்குப் பெரிய அடி இல்லை. இறங்கும்போதுதான் தொடை முழுச் சுமையையும் பிரேக் மாதிரி பிடித்து நிறுத்துகிறது. முதல் சில வாரம் படியேறிப் போய், மலைப்பாதை வழியாக பஸ்ஸில் இறங்குங்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கொல்லிமலையின் 70 வளைவுகளையும் ஓடியே இறங்கிக் காட்டுகிறேன் என்று கிளம்புவது, பல வருடம் ஓடியவர்களுக்கு மட்டும்.

18. ஷூ: சாயங்காலம் போய் வாங்குங்கள், பகலெல்லாம் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் ஓடும்போதும். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். வெறுங்காலில் ஓடி வளர்ந்த பிள்ளைக்கு அது பழக்கம். ஷூவில் வளர்ந்தவர் திடீரென்று வெறுங்காலில் ஓடினால் கெண்டைக்கால் தாங்காது. பழைய ஷூவை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் அதன் காலம் முடிந்தது.

சாப்பாடும் வெயிலும்

19. முட்டை விலை சொல்லும் ஊரில் பிள்ளைக்கு முட்டை இல்லையா: பலப் பயிற்சி தசையைச் சற்றே சிதைக்கிறது, திரும்பக் கட்டுவது புரதம். 60 கிலோ எடையுள்ளவர் ஓட்டமும் பயிற்சியும் செய்தால் நாளுக்கு 80 கிராம் அளவு புரதம் தேவை. மூன்று முட்டையில் 18, ஐம்பது கிராம் நிலக்கடலையில் 12, நூறு கிராம் கொள்ளிலோ பருப்பிலோ 22, அரை லிட்டர் பாலிலோ தயிரிலோ 16. மீதியைச் சோறும் களியும் பார்த்துக்கொள்ளும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, எலும்புக்கு நல்லது. நம் ஊர் ஜவ்வரிசியும் மரவள்ளிக் கிழங்கும் மாவுச்சத்து, ஓட்டத்துக்கு எரிபொருள். தசைக்குச் செங்கல் அவை அல்ல. பெண் பிள்ளைகளுக்கு ஒன்று: பயிற்சி தொடங்கியபின் மாதவிலக்கு தள்ளிப்போனாலோ நின்றாலோ, சாப்பாடு ஓட்டத்துக்குப் போதவில்லை என்று இருக்கலாம். எலும்பு மெலியும். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

20. வெயிலும் தூக்கமும்: சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்குள் வீடு திரும்புங்கள். திரும்பியதும் உப்புப் போட்ட நீர்மோர். தலைசுற்றல், உளறல், நடை தடுமாற்றம் வந்தால் உடனே நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். இரவு பதினொன்றுவரை செல்போன் பார்த்துவிட்டு நாலரைக்கு எழுந்து ஓடுகிற கால் எப்போது தன்னைச் சரிசெய்துகொள்ளும்? ஏழு மணி நேரத் தூக்கமும் பயிற்சியில் சேர்த்தி.

வலி வந்தால்

21. விரல் வைத்துப் பாருங்கள்: "ஏஞ்சாமி, கால் இப்படிக் கெடக்குது, இன்னைக்குமா ஓடோணும்?" என்று அம்மா கேட்பதும், "செலக்‌ஷனுக்கு இன்னும் இருவது நாள்தானம்மா" என்று பையன் கிளம்புவதும் இங்கே பல வீட்டில் நடப்பது. இருவருக்கும் நடுவே ஒரு விரல் தீர்ப்புச் சொல்லும். முன்னெலும்பின் உள்ஓரத்தை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு விரல் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளிண்ட். பத்துக்கு மூன்று மார்க் வலிக்குள் இருந்து மறுநாள் காலையில் கூடாமலும் இருந்தால், தூரத்தைப் பாதியாக்கி மண் தரையில் ஓடலாம். 5-ம், 8-ம் குறிப்பைத் தொடரலாம். ஆனால் ஒரே விரல் நுனி அளவு இடத்தில் சுருக்கென்று வலித்தால், அல்லது படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். அன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும்; எக்ஸ்ரே சுத்தம் என்று ஓடக் கிளம்பாமல், எலும்பு டாக்டரைப் பாருங்கள். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு அந்த இடத்தை நீவக் கூடாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது, எண்ணெய் தீர்ந்ததைக் காட்டும் விளக்கைத் துணி போட்டு மூடிவிட்டு லாரி ஓட்டுவதற்குச் சமம். கணுக்கால் பிசகி நாலு எட்டுக்கூட வைக்க முடியாவிட்டால் அன்றே எக்ஸ்ரே.

22. கடைசிப் பத்து நாள்: பத்து நாளில் புதிதாக எந்தப் பலமும் ஏறாது, இருப்பது இறங்காமல் காக்கலாம். தூரத்தைப் பாதியாக்குங்கள். எடைப் பயிற்சியைத் தேர்வுக்கு ஐந்து நாள் முன்னால் நிறுத்துங்கள். புது ஷூ, புதுச் சாப்பாடு, யாரோ சொன்ன புது மருந்து எதுவும் வேண்டாம். அன்று காலை பத்து நிமிடம் மெதுவாக ஓடி, நாலு தாவல் தாவி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு கோட்டில் நில்லுங்கள். விசில் ஊதியதும் முதல் சுற்றை 1 நிமிடம் 50 விநாடிக்கு முன்னால் முடிக்காதீர்கள். பாதிப் பேர் உங்களைத் தாண்டிப் பறப்பார்கள். பறக்கட்டும், மூன்றாவது சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.